சாலைக்கு இந்தப் பக்கத்து ஒயின்

ஜனவரி 29, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே? உன் கழுத்துவலிக்குத் தலையணையை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா, அல்லது அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டுமா?

மணி பதினொன்றரை. நீயும் அங்கே பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருப்பாய். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில், ஒன்று பார்சலில் உனக்கு, ஒன்று எனக்கு. மாதக் கடைசி ஞாயிறு காலையில் திறக்க வேண்டும். கடிதத்தைத் தபாலில் போடும்வரை போனில் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இன்னொருவர் சொன்னது காதில் விழுந்துவிட்டால் நம் மூக்கும் அதையே சொல்லும் என்று நீ போட்ட சட்டம். பத்து வருஷமாக நாம் இருவரும் அதை மீறியதில்லை.

என் வாக்குமூலம்: செர்ரி. பழம்கூட இல்லை, கொட்டையை உடைத்தால் வருமே, அந்தக் கசப்பு கலந்த மணம். பின்னாலேயே புதிதாகச் சீவிய பென்சில். கால்மணி கழித்து, வெயில் பட்டுக் காயும் ஈரத் துணி. மோசமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நேற்று எங்கள் ஒயின் கடைக்கு ஒருவர் வந்தார். "நல்ல பினோ நுவார் வேணும் தம்பி. ஆனா வீட்டை அடகு வைக்காம குடிக்கணும்" என்றார். "அப்போ ஷோரே எடுத்துக்கங்க" என்றேன். அப்படி ஓர் ஊரா என்று கேட்டார். வழக்கமான பாட்டைப் பாடினேன். பிரான்ஸில் பர்கண்டி வட்டாரத்தில் பேர் வாங்கிய ஊர்களெல்லாம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், குன்றுச் சரிவில். நம் ஷோரேயின் தோட்டங்கள் பெரும்பாலும் சாலைக்கு இந்தப் பக்கம், சமதரையில். அதே பினோ நுவார் திராட்சை, அதே வெயில். ஆனால் பாட்டிலில் ஊர்ப் பெயர் மட்டும்தான், அதற்கு மேல் எந்தப் பட்டமும் கிடையாது. வருஷக்கணக்கில் பூட்டி வைக்கவும் வேண்டாம், வாங்கினோமா குடித்தோமா என்றிருக்கலாம். "பெரிய வீட்டுக்குப் பின் தெருவுல குடியிருக்கிற சொந்தக்காரன் மாதிரிங்க" என்றேன். இரண்டு வாங்கிப் போனார்.

ஒரு செய்தி. முதலாளி இரண்டாவது கடை திறக்கிறார். ஜூன் 20ஆம் தேதி நாற்பது மாதிரிகள் வருகின்றன. முகர்ந்து பார்த்து, புதுக் கடையில் எது இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடைப் பொறுப்பும் எனக்கே. "உன் மூக்கை நம்பித்தான் திறக்கிறேன்" என்றார். தினமும் எல்லோருக்கும் ஊற்றித் தரும் கடை ஒயினாக ஷோரேயை உட்கார வைக்கப் போகிறேன். லேபிள் கிழிந்த அந்த முதல் பாட்டிலை நாம் டீ கிளாசில் குடித்த நாளிலிருந்து இதுதான் என் ஆசை என்று உனக்குத் தெரியும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் மூக்கன்

*

ஜனவரி 29

மூக்கனுக்கு,

ஆசிகள். இருவரும் நலம். தலையணை மாற்றவில்லை, கழுத்துதான் பழகிக்கொண்டது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

மணி பதினொன்றேகால். சிவப்புப் பழம், என்ன பழம் என்று சாட்சி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புதுச் செருப்பு. ரோஜா இல்லை, ரோஜாவை எடுத்துப் போட்ட பிறகு சாடியில் மிஞ்சுமே, அது. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரம் கொஞ்சம் இழுக்கிறது, எதிர்க்கட்சி வக்கீல் கோட்டைப் பிடித்து இழுத்த மாதிரி.

உன் மாமாவையும் கேட்டேன். கிளாசை வெளிச்சத்தில் பிடித்து, லிஃப்டின் கம்பிவடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சிவப்பா இருக்கு. ஈரமா இருக்கு. எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.

முப்பது வருஷமாகக் கோர்ட்டில் அடுத்தவர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள்தான் என் சொந்த வாயில் வருவதை எழுதுகிறேன். அது உன்னால்.

பத்திரமாக இரு.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? தாமதத்துக்கு மன்னிக்கவும். பிப்ரவரியில் பத்து நாள் காய்ச்சல். இப்போது ஒன்றும் இல்லை, பழையபடி வேலைக்குப் போகிறேன். வாசல் மரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமையே பாட்டிலைத் திறந்தேன். நிறம் அருமை. நடுவில் மாதுளை முத்து, ஓரத்தில் வெளிறிய ரோஸ். கிளாசுக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிறது. லேபிளையும் மாற்றியிருக்கிறார்கள், எழுத்து முன்பைவிடச் சின்னது. மற்றபடி எப்போதும் போல நன்றாக இருந்தது.

ஒரு கூத்து. போன வாரம் புதன்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்து அறையில் கடைக்கான விலைச்சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள். திறந்தால் மேல்மாடித் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு. "என்னப்பா, வீட்டுக்குள்ள யாரையாவது எரிக்கிறியா?" என்றார். பால் முழுக்க வற்றி, பாத்திரம் கரியாகிவிட்டிருந்தது. மூன்று நாள் தேய்த்தும் போகவில்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 9

மூக்கனுக்கு,

நாங்கள் நலம். காய்ச்சல் வந்ததை அது போன பிறகு சொல்கிறாய். அக்கா என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள், தபால்தலை ஒட்டவா? கஷாயம் ஏதாவது குடித்தாயா? உடம்பு தேறியதா? மறைக்காமல் எழுது.

புதுக் கடை விஷயம் படித்து உன் மாமா என்னைவிடச் சந்தோஷப்பட்டார். வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "என் மச்சான் மூக்குக்குச் சம்பளம் வாங்குறான்" என்று மட்டும்தான் சொல்கிறார். கேட்பவர்கள் என்ன நினைப்பார்களோ.

ஆனால் பிப்ரவரி வாக்குமூலம் செல்லாது. "எப்போதும் போல" என்பது பதில் இல்லை. கோர்ட்டில் அப்படிச் சொன்னால், எப்போதும் என்றால் எப்போது என்று கேட்பார்கள். நிறத்துக்கு மூன்று வரி, லேபிள் எழுத்துக்கு ஒரு வரி, மணத்துக்கு ஒன்றுமே இல்லை. பத்து வருஷத்தில் நீ நிறத்தைப் பற்றி மொத்தமாகவே இவ்வளவு எழுதியதில்லை.

மூக்கு அடைத்திருந்ததா? அப்படியானால் அடுத்த முறை விட்டதைச் சேர்த்து எழுது.

பாத்திரத்தில் வெந்நீரும் உப்பும் போட்டு ஊற வை.

அக்கா

*

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன், போதுமா? மாமாவுக்கு முழங்கால் எப்படி? வாசல் மரத்தில் தளிர் விட்டிருக்கிறது. பாத்திரம் உன் வைத்தியத்தில் பிழைத்துக்கொண்டது.

விட்டதைச் சேர்த்து வாங்கிக்கொள்.

முதல் மூச்சில் நாவல்பழச் சாயம் பட்ட விரல். இரண்டாவதில் பழைய மரப்பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் வந்து மோதுமே, அந்தக் காற்று. அதற்குள் எங்கோ ஒரு கிராம்பு, யாரோ வாயில் அடக்கிவைத்து ஒளிந்துகொண்ட மாதிரி. ஜன்னலைத் திறந்தால் தெருவில் உதிர்ந்து கிடக்கும் இலைகளின் ஈர மணமும் சேர்ந்துகொள்கிறது. எது கிளாசிலிருந்து வருகிறது, எது தெருவிலிருந்து வருகிறது என்று பிரிக்க மனம் வரவில்லை. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்பார்கள். இந்த உருண்டைக்கு எந்தப் பணக்காரனும் கை நீட்டுவான்.

கடையில் வேலை முதுகை ஒடிக்கிறது. ஜூன் வேகமாக வருகிறது.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 18

மூக்கனுக்கு,

நலம். அவர் முழங்கால் தேவலை. நீ?

ஒரு தவறு நடந்துவிட்டது, திட்டாதே. இந்த மாதப் பார்சலை உன் மாமா கை தவறிக் கீழே போட்டுவிட்டார். பாட்டில் உடையவில்லை, ஆனால் கார்க் அசைந்த மாதிரி இருந்தது. கெட்டுப் போவதற்குள் பார்த்துவிடலாம் என்று ஞாயிறுக்குக் காத்திருக்காமல் திறந்துவிட்டேன். சட்டத்தை மீறினேன், அபராதம் கட்டுகிறேன்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த முறை ஒரே புதினா. கையில் கசக்கின பச்சைப் புதினா. ஷோரேயில் நான் அதைப் பார்த்ததே இல்லை. எனக்கு மட்டும்தான் அப்படியா? உன் பாட்டிலையும் திறந்து பார்த்து உடனே எழுது. இரவெல்லாம் இதே யோசனை.

அக்கா

*

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டத்தை மீறியதற்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மாமாவைத் திட்டாதே, பார்சலை நான்தான் சரியாகக் கட்டியிருக்க மாட்டேன்.

உன் கடிதம் வந்தவுடன் திறந்தேன். உன் மூக்கு மூக்குதான். புதினாவேதான், சந்தேகமே இல்லை. கசக்கின இலை என்று நீ எழுதியது ரொம்பச் சரி. ஆனால் அரை மணி நேரம் விட்டுப் பார், அந்தப் பச்சை கொஞ்சம் அடங்கி அடியிலிருந்து செர்ரி எழுந்து வருகிறது. அந்த வருஷம் அங்கே அறுவடைக்கு முன் குளிர் அதிகமாக இருந்திருக்கும், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உன்னைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது. ஜூன் முடியட்டும், வருகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

மே 3

மூக்கனுக்கு,

இந்த முறை நலம் விசாரிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாட்டிலை நான் திறக்கவில்லை. பார்சலை யாரும் கீழே போடவும் இல்லை. கார்க் மேல் மெழுகு அப்படியே இருக்க, அலமாரியில் அகராதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. புதினா என் கற்பனை.

உன் மார்ச் கடிதத்தை முதல் முறை படித்தபோது மனம் நிறைந்தது. இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரி முள்ளாகக் குத்தியது. மேலே வாசல் மரம் தளிர் விட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கீழே தெருவில் உதிர்ந்த இலை கிடக்கிறது. எந்த மரம் ஒரே நாளில் இரண்டும் செய்கிறது? உன் கடிதங்களெல்லாம் என்னிடம் மாதவாரியாக இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷம் முந்திய அக்டோபர் கடிதம். நாவல்பழ விரல், மரப்பெட்டி, கிராம்பு, எள்ளுருண்டை, எல்லாம் அங்கிருந்து எடுத்தது, ஒரு எழுத்து மாறாமல். உன் குறிப்பு நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாய். மாதத்தை மாற்ற மறந்துவிட்டாய்.

பிறகுதான் பால் நினைவுக்கு வந்தது. மேல்மாடியில் இருப்பவர் இறங்கி வந்து கதவைத் தட்டும்வரை, கீழே பக்கத்து அறையில் இருந்த உனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் நான் பள்ளியிலிருந்து வந்தவுடன் கையைப் பிடித்து முகர்ந்து, மதியம் யார் டப்பாவிலிருந்து என்ன எடுத்துச் சாப்பிட்டேன் என்று சொன்னவன் நீ.

காய்ச்சலோடு போய்விட்டதா? முழுக்கவா?

முப்பது வருஷம் சாட்சிகள் மடங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். நானாக யாரையும் மடக்கியதில்லை. முதன்முதலில் மடக்கியது சொந்தத் தம்பியை. புதினா கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே உன் மாமா சொன்னார், "நேரா கேட்டிருக்கலாம்" என்று. நேராகக் கேட்டால் நலம் என்று எழுதுவாய் என்றேன். அது உண்மைதான். ஆனாலும் செய்தது தப்பு. மன்னித்துவிடு.

நலமா என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

அக்கா

*

மே 24

மச்சானுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. மூன்று வாரமாக உன் அக்கா ஆபீசிலிருந்து வந்ததும் முதலில் தபால்பெட்டியைத் திறக்கிறாள், பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாள். போன் செய்யவும் மாட்டேன் என்கிறாள். "அவனே எழுதட்டும், நான் இன்னொரு முறை அவனைத் துரத்த மாட்டேன்" என்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவன் செய்ய வேண்டியது ஒரே வேலை, மணியை அடிப்பது. ஆனால் பாதிப் பேர் அடிப்பதில்லை. நிற்பது தன் தப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு கம்பெனி மேனேஜர் நாற்பது நிமிஷம் சத்தம் போடாமல் நின்றிருக்கிறார். கதவைத் திறந்ததும் கேட்டேன், "ஏன் சார் மணி அடிக்கல?" என்று. "வெளியில எல்லாரும் என் ஸ்டாஃப்பு" என்றார்.

மணி அடித்தவனை நாங்கள் யாரும் இதுவரை திட்டியதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போவோம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மாமா

*

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே வழக்கம்போல ஒரு வார்த்தை எழுதி அடித்திருக்கிறேன், பார்.

முதல் இரண்டு வாரம் உன் மேல் கோபம். அந்தப் புதினாக் கடிதத்தைக் கிழிக்கக்கூடப் பார்த்தேன். மூன்றாவது வாரம் என் மேல் வெட்கம். பிறகு மாமாவின் கடிதம் வந்தது. அவர் எழுதியது உனக்குத் தெரியாது என்கிறார், எனவே நீ இந்த வரியைப் படிக்கவில்லை.

ஆமாம், முழுக்கப் போய்விட்டது. காய்ச்சல் விட்ட அன்று காலை காபி போட்டேன், சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. தூள் பழசு என்று குப்பையில் கொட்டினேன். பிறகு சோப்பை முகர்ந்தேன், செருப்பை முகர்ந்தேன், தீக்குச்சியைக் கிழித்து மூக்கடியில் பிடித்தேன். ஒன்றும் இல்லை. டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம் என்று நாலு சின்னப் புட்டி வைத்து, தினமும் காலையிலும் மாலையிலும் முகரச் சொன்னார். முகர்கிறேன். நாலு புட்டியிலும் ஒரே வெறும் காற்று.

ஒயினில் புளிப்பு தெரிகிறது, குளிர்ச்சி தெரிகிறது, நாக்கைப் பிடித்து இழுப்பது தெரிகிறது. அதோடு சரி. நம் ஷோரேயும், கடை மூலையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் ஏதோ ஒன்றும் எனக்கு இப்போது ஒன்றுதான். அதுதான் தாங்க முடியவில்லை.

கடையில் ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். போன மாதம் ஒரு வயதான தம்பதிக்கு மாதிரி ஊற்றிக் கொடுத்து, அது எப்படி இருக்கிறது என்று ஐந்து நிமிஷம் வர்ணித்தேன். அவர்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். பிறகு கடையில் என்னோடு வேலை செய்யும் பெண் கிளாசை முகர்ந்துவிட்டு, "அண்ணா, இது கார்க் கெட்டு நாறிப்போன ஒயினாச்சே" என்றாள். அவர்கள் என் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் குடித்திருக்கிறார்கள். அன்று மதியம் சாப்பிடவில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீட்டில் நீ படித்தாய், நான் முகர்ந்தேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு கடிதத்தையும் மூக்கனுக்கு என்று ஆரம்பிக்கிறாய். அதற்கு யார் பதில் எழுதுவது?

ஜூன் 20 வருகிறது. நிறத்தைப் பார்த்தும், விற்பவர் பேச்சைக் கேட்டும் சமாளித்துவிடலாம் என்று ஒரு மனம். இன்னொரு மனம் அந்தத் தம்பதியின் முகத்தைக் காட்டுகிறது.

மணியை அடிக்கிறேன், அக்கா.

தம்பி

*

ஜூன் 6

மூக்கனுக்கு,

அப்படித்தான் ஆரம்பிப்பேன். வேலைக்கு வைத்த பெயர் இல்லை அது, நீ நடக்கக் கற்றுக்கொள்ளும் முன் நான் வைத்தது. என் மூச்சு உள்ளவரை அதுதான்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அழுதேன், மறைக்கவில்லை. உன் மாமா எதுவும் கேட்காமல் அடுப்பை அணைத்தார். அவர் உனக்கு எழுதியது எனக்குத் தெரியாது, எனவே இந்த வரியை நான் எழுதவும் இல்லை.

பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். 18ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். திறக்காத பாட்டிலும் கூட வருகிறது.

20ஆம் தேதி நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து முகர்கிறேன். எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தோன்றுவதை அப்படியே சொல்வேன். நான் சாட்சி, தீர்ப்பு உன்னுடையது.

ஒரே நிபந்தனை. அதற்கு முன் உன் முதலாளியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒளித்து வைத்துக்கொண்டு உனக்கு மூக்காக உட்கார என்னால் முடியாது. அந்தக் கடை கைவிட்டுப் போனாலும் போகட்டும்.

ஸ்டேஷனுக்கு வராதே, வழி தெரியும். பால் மட்டும் அடுப்பில் வைக்காதே.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கைத் தவிர மற்ற எல்லாம் நலம். நீயும் மாமாவும் நலமா? பயண அலுப்பு தீர்ந்ததா? அந்தத் தலையணையை இங்கிருந்து வாங்கிக் கொடுத்தேனே, அதிலாவது படுக்கிறாயா?

நீ கூட இருந்து பார்த்ததையே எழுதுகிறேன், பதிவுக்காக. நாளைக்கு உன் அலமாரியில் ஜூன் மாதம் காலியாக இருக்கக்கூடாது.

முதலாளியிடம் சொன்னபோது நீ வெளியில் பெஞ்சில் இருந்தாய், அதனால் அது மட்டும் உனக்குப் புதிது. அவர் குடோனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் அந்தப் பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "எத்தனை மாசமா?" என்றார். நாலு மாசம் என்றேன். "நாலு மாசமா எதை வச்சு வித்த?" "ஞாபகத்தை வச்சு." கொஞ்ச நேரம் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். "ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த நீள மேஜை. வெள்ளைத் தாள் விரித்து, பேப்பர் சுற்றி முகம் மறைத்த நாற்பது பாட்டில்கள். துப்புவதற்கு வாளி. நீ கோர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுருக்கெழுத்து நோட்டைத் திறந்து வைத்தாய். ஒயின் விற்க வந்தவர் உன்னை வருமான வரி ஆபீசர் என்றே நினைத்துவிட்டார், பிறகு என்னிடம் கேட்டார். மூன்றாவதற்கு, "இது நிறைய பேசுது, ஆனா விஷயம் இல்ல" என்றாய். ஒன்பதாவதற்கு, "இது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுது" என்றாய். உன் வார்த்தையைக் காதில் வாங்கி, என் நாக்கில் புளிப்பையும் பிடியையும் பார்த்து, நான் வேண்டும், வேண்டாம் என்று எழுதினேன். பதினேழாவதில் நீ முகம் சுளித்து, "மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி" என்றாய். "கார்க் கெட்டது, வேற பாட்டில் திறங்க" என்றேன். விற்க வந்தவர் தானே முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தம்பதிக்கு நான் கொடுத்தது அதே அட்டைப்பெட்டிதான்.

முப்பத்தொன்றாவதில் நீ எதுவும் சொல்லவில்லை. நோட்டில் பேனாவை வைத்துவிட்டு எழுதாமல் இருந்தாய். கிளாசை இரண்டாம் முறை எடுத்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். நான் நேராகத் தாளில் "வேண்டும், கடை ஒயின்" என்று எழுதிவிட்டேன். பேப்பரைப் பிரித்தபோது முதலாளிதான் வாசித்தார், ஷோரே என்று. இன்றுவரை அவர் கேட்கிறார், உங்க அக்கா ஒண்ணுமே சொல்லலையே, எப்படிக் கண்டுபிடிச்ச என்று.

புதுக் கடைப் பொறுப்பு எனக்கு இல்லை, போன வாரம் முடிவாகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்குப் போகிறது. சரியான முடிவு. வலிக்கத்தான் செய்தது, உன்னிடம் இனி மறைப்பதற்கில்லை. நான் பழைய கடையிலேயே இருக்கிறேன். புதுக் கடை திறக்கும்வரை இங்கே பாட்டில் திறந்தால் அவள் முகர்கிறாள், வாங்க வருபவர்களிடம் நான் பேசுகிறேன். தினமும் ஊற்றித் தருவது ஷோரே, அங்கே திறந்ததும் அங்கேயும் அதுதான். நேற்று ஒரு வாடிக்கையாளர் இதில் என்ன மணம் வரும் என்று கேட்டார். "எனக்கு இப்போ தெரியல சார். எங்க அக்கா ரோஜா எடுத்துப்போட்ட சாடின்னு சொல்வாங்க" என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, ஆமா" என்றார்.

18ஆம் தேதி நாம் திறந்த அந்த அகராதிப் பக்கத்துப் பாட்டிலுக்கு நான் வாக்குமூலம் கொடுக்கவே இல்லை. இதோ. குளிர்ச்சி. ஓர் எலுமிச்சை விதையளவு புளிப்பு. நாக்கின் ஓரத்தில் பிடித்து இழுத்த கோட்டு. மணம் இல்லை. எதிரில் அக்கா. இதுவரை நான் எழுதியதிலேயே பொய் கலக்காத குறிப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை அடுப்பில் பாலை வைத்தேன். நீ வைக்காதே என்றாய், வைத்தேன். பக்கத்து அறையில் விலைச்சீட்டு வெட்டிக்கொண்டிருந்தேன், ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்து சமையலறைக்குப் போனேன். பால் அப்போதுதான் அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. மணம் வந்ததா என்று யாராவது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். அதை நீயே விசாரித்துத் தீர்ப்பு எழுதிக்கொள். ஆனால் தையல்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டியபோது, அக்கா, நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு என் வணக்கம். சாவியோடு வந்ததற்கு நன்றி என்று சொல்.

உன் மூக்கன்